தரையில் உருண்ட பந்துகள்

புதன்கிழமை மாலைகளில் லண்டன் ஆர்ச்வேயில் நடக்கும் விளையாட்டுப் பயிற்சியாளர் வகுப்பில் எங்களை ஒரு நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு பக்கம், மூன்று கேள்விகள்: என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், மறுபடி செய்வதாயிருந்தால் எதை மாற்றுவீர்கள். எந்த மொழியிலும் எழுதலாம், நான் வாசிக்கப்போவதில்லை, பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன் என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். மற்றப் பதினொரு பேரும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். நான் தமிழில் எழுதினேன். தமிழ்ப் பற்று என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் விளங்கக்கூடாது என்பதே உண்மை.

மே மாதம் மூன்றாம் வாரத்துப் பக்கம் நிரம்பியிருக்கிறது. ஆனால் அதில் இருப்பது சரியில்லை. சரியானதை இங்கே எழுதுகிறேன்.

பதினான்கு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தேன். இப்போது இருபத்தேழு. பகலில் மருந்துக்கடையில் வேலை. ஒவ்வொரு லேபலையும் இரண்டு தரம் சரிபார்ப்பேன், வீட்டுக்குப் போகும்போது மூன்றாம் தரம் மனதுக்குள் சரிபார்ப்பேன். செவ்வாய் மாலையும் ஞாயிறு காலையும், நான் படித்த பல்கலைக்கழகத்தின் சொப்ட்போல் அணிக்கு அடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன்.

அந்த விளையாட்டில் சேர்ந்ததும் ஒரு தற்செயல்தான். முதல் வருடம் கழகங்களெல்லாம் மேசை போட்டு ஆள் சேர்த்த நாளில் சொப்ட்போல் மேசைக்கு முன்னால் மட்டும்தான் கூட்டம் இல்லை. கிரிக்கெட் பந்தைவிடப் பெரிய பந்து. கீழ்க்கையால் உயர்த்தி எறிவார்கள், அது வளைந்து வந்து இறங்கும், உருண்டை மட்டையால் அடித்துவிட்டுத் தளம் தளமாக ஓடிச் சுற்றி வர வேண்டும். ஊரில் பள்ளிக்கூடத்தில், மட்டையால் அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாடியிருந்தேன், அதைப் போலத்தானே என்று நினைத்தேன். அதைப் போல இல்லை. மூன்று வருடம் விளையாடினேன். பத்துப் பேர் அடிக்கும் வரிசையில் நான் பத்தாவது. அடித்த ஒவ்வொரு பந்தையும் கொப்பியில் குறித்தேன்: எங்கே வந்தது, என் கால் எங்கே இருந்தது, பந்து எங்கே போனது. குறிப்புகள் நன்றாக இருந்தன. கடைசி வருடத்தின் கடைசி ஆட்டத்தில், மூன்று தளங்களிலும் எங்கள் ஆட்கள் ஓடக் காத்திருந்தபோது, கடைசிப் பந்து நான் நூறு தரம் வரைந்து வைத்திருந்த உயரத்தில் இறங்கியது. நான் மட்டையை அசைக்கவே இல்லை. அன்றைய பக்கத்தில் ‘பந்து நல்லது’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகும் தலைமைப் பயிற்சியாளர் ஹெலன் என்னை விடவில்லை. “நீ அடிப்பதைவிட மற்றவர்கள் அடிப்பதை நன்றாகப் பார்க்கிறாய்,” என்றார். அப்படித்தான் ஐந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கோயிலில் யாராவது கேட்டால் மருந்துக்கடை என்று மட்டும் சொல்வேன்.

போன வருடம் ஜதுர்ஷிகா அணிக்கு வந்தாள். மனோர் பார்க்கில் எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி வீடு, பத்தொன்பது வயது. முதல் நாளே மைதானத்தின் மறுகரையிலிருந்து “அக்கா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஹெலனை ஹெலன் என்றாள், என்னை அக்கா என்றாள். ஒரு மாதத்தில் அணி முழுவதும் என்னை அக்கா என்றது, அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டு. நன்றாக அடித்தாள். பந்து இறங்கும்வரை பொறுத்திருப்பாள், பிறகு முன்கால் மெல்ல வெளிப்பக்கம் திரும்பித் திறக்கும், இடுப்பு சுழலும், பந்து இரண்டு ஆட்களுக்கு நடுவே போய்விடும். எனக்கு அந்தப் பொறுமை ஒருநாளும் வந்ததில்லை.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. அதே சனிக்கிழமை ஜதுவின் மாமா மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையானதற்கான சடங்கு. ஜதுவின் அம்மா தவமலர் அன்ரி ஏப்ரலில் என்னைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, உண்மையைச் சொல்லு. அண்டைக்கு இவள் கட்டாயம் விளையாடுவாளோ? விளையாடாட்டி நான் என்னத்துக்கு மச்சாளோட முகத்தை முறிப்பான்? மச்சாள் சுசிலா ஆலாத்தித் தட்டுப் பிடிக்கிற ஏழு பிள்ளையளுக்கும் ஒரே நிறத்தில தைக்கக் குடுத்திட்டாள். முதல் தட்டு இவளுக்கு.”

“உங்கட மகள்தான் அன்ரி டீமில திறமா அடிக்கிறது,” என்றேன். “கட்டாயம் விளையாடுவா.”

“நீ சொன்னாச் சரி. உன்னை நம்பித்தான் விடுறன்.”

நான் சொன்னது பொய்யில்லை. அன்றைக்கு அது சரியான கணக்கு.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு, தவமலர் அன்ரி பயிற்சிக்கு வந்தார். இரண்டு பெரிய தட்டு நிறைய றோல்ஸும் கடலை வடையும். அணி பாய்ந்து விழுந்தது. நான் ஒதுங்கித்தான் நின்றேன். அன்ரி என்னைத் தேடி வந்து, எல்லோருக்கும் முன்னால் கன்னத்தைக் கிள்ளி, தனியாக மூடி வைத்த ஒரு பெட்டியைக் கையில் வைத்தார்.

“இது உனக்கு. நண்டுக் கறி. அவையளுக்குக் குடுத்துப்போடாத, சாப்பிடத் தெரியாது.”

முதல் தளத்தில் விளையாடும் டொம் அதைப் பார்த்துவிட்டான். “அக்காவுக்குத் தனிப் பெட்டி!” என்று கத்தினான். “இனி ஜதுவை ஆட்டத்தில் சேர்க்காமல் வாங்கில் உட்காரவைக்க யாருக்குத் துணிவு வரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். வாயில் றோல்ஸோடு ஹெலனும் சிரித்தார். ஜதுதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் காது சுடுவதை உணர்ந்தேன். ஐந்து வருடமாக என் எண்களை நம்பியவர்கள் இனி என் எண்ணுக்குப் பின்னால் ஒரு நண்டுக் கறிப் பெட்டியைப் பார்ப்பார்கள் என்று பட்டது. டொம் அதை அடுத்த நிமிடமே மறந்திருப்பான். இதை இப்போது எழுத முடிகிறது.

ஆட்டத்தில் ஐந்து ஆண்களும் ஐந்து பெண்களும் இறங்க வேண்டும். எங்களிடம் ஆறு பெண்கள். ஒருத்தி ஆடாமல் வெளியே வாங்கில் இருக்க வேண்டும், ஹெலன் இடையில் ஆள் மாற்றுவதில்லை. யார் என்பதை என் எண்ணிக்கையை வைத்துத்தான் தீர்மானிப்பார். மூன்று வாரத்தில் ஒவ்வொருத்திக்கும் அறுபது பந்து எறிந்து, நல்ல அடி எத்தனை என்று குறித்திருந்தேன். ஜதுவுக்கு நாற்பத்தொன்று, அணியிலேயே அதிகம். ஆகக் குறைவு எமிக்கு, முப்பத்திமூன்று.

அந்த வியாழக்கிழமை மாலை கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். தரையில் உருண்டு போன பந்தை நல்ல அடி என்று எண்ணலாமா என்று யோசித்தேன். நல்ல கேள்விதான். பயிற்சியாளர்கள் அதைப் பற்றி வாதாடுவார்கள். எண்ணக்கூடாது என்று ஒரு விதி வைத்தேன். ஜதுவின் பக்கத்தை எடுத்து உருண்ட பந்துகளைக் கழித்தேன். பன்னிரண்டு. மீதி இருபத்தொன்பது.

எமியின் பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் அதில் எத்தனை உருண்டது என்று எனக்குத் தெரியும். பதினான்கு.

விதி வைத்ததில் பிழையில்லை. அதை ஒருத்திக்கு மட்டும் வைத்தேன். புதிதாக ஒரு தாளில் அழகாகப் பிரதி எடுத்து ஹெலனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். அவர் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டார்: “ஆச்சரியம்தான். ஆனால் நீ எண்ணினால் சரி.” பக்கச்சார்பில்லாதவள் என்று எனக்கு நானே ஒரு பட்டம் சூட்டிக்கொண்டு படுத்தேன். நாட்குறிப்பில் ‘அளக்கும் முறையைத் திருத்தினேன்’ என்று எழுதினேன்.

போட்டி நடந்த சனிக்கிழமை ஜது கையில் மருதோன்றியோடு வந்தாள். விசேசத்துக்கு வராவிட்டாலும் இதையாவது போடு என்று முதல் நாள் தட்டுப் பிடிக்கும் மச்சாள் ஒருத்தி வந்து போட்டுவிட்டாளாம். பெயர்ப் பட்டியலை ஹெலன் வாசித்தபோது அவள் தன் பெயருக்காகத் தலையை நிமிர்த்திக் காத்திருந்தாள். பட்டியல் முடிந்தது. அவள் என்னைத்தான் பார்த்தாள், ஹெலனை இல்லை. பிறகு கையுறையை மெல்லக் கழற்றி வாங்குக்குக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

எங்கள் அணி தோற்றிருந்தால் எனக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்திருக்கும். நாங்கள் மூன்றாம் இடத்துக்கு வந்தோம். ஐந்து வருடத்தில் அதுதான் நல்ல இடம். எமி நன்றாகவே அடித்தாள். நான் செய்தது பிழை என்று சொல்ல அந்த மைதானத்தில் ஒருவரும் இல்லை.

மதியம் சாப்பிடும்போது ஜது வந்து பக்கத்தில் இருந்தாள்.

“அக்கா, ஒனெஸ்ட்லி, நான் எதில குறைஞ்சனான்?”

“சின்னச் சின்ன விசயம்தான்.”

“பரவாயில்லை, சொல்லுங்கோ. உங்கட கொப்பியில இருக்கும்தானே? சம்மர் முழுக்க அதில வேலை செய்யிறன். அம்மா அங்க ஹோல்ல எல்லாருக்கும் நான் மூண்டாவதா அடிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு நிப்பா. அவவுக்கு ஏதாவது காரணம் சொல்ல வேணும்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு வாக்கியம் போதும். என் வாயிலிருந்து வேறு வாக்கியம் வந்தது.

“உன்ர முன்கால் முந்தித் திறக்குது. மட்டை பந்தில படுமட்டும் காலைப் பூட்டி வைச்சிருக்கப் பழகு.”

“ஓ,” என்றாள். முகம் தெளிந்துவிட்டது. “அவ்வளவுதானா? அது செய்ய ஏலும் அக்கா.”

அவளுடைய அடியில் இருந்த நல்ல விசயமே அந்தக் கால்தான்.

ஒரு வாரத்தில் முதல் வீடியோ வந்தது. வொன்ஸ்டெட் புல்வெளியில் தம்பியை எறியவைத்து அடிக்கிறாள். கால் ஆணி அடித்தது போல நின்றது. இடுப்பு திரும்ப வழியில்லை. பந்து பத்து அடி போய் விழுந்தது. ‘கால் லொக் பண்ணிட்டன் அக்கா! ஆனா பந்து போகுதில்லை. இன்னும் பழகணுமா?’ நான் ‘பொறுமையாகச் செய்’ என்று பதில் போட்டேன். அதை அனுப்ப எனக்கு இருபது நிமிடம் எடுத்தது.

இரண்டாவது வீடியோவில் ஒவ்வொரு அடிக்கும் பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது செய்தியில் வீடியோவே இல்லை, எழுத்து மட்டும்: ‘அக்கா நான் நினைக்கிறன் எனக்கு அடி வராது. பரவாயில்லை. அடுத்த வருசம் உங்களை மாதிரிக் கொப்பி எழுதுறன். அது எனக்கு சூட் ஆகும்.’

அதை மருந்துக்கடையின் பின்னறையில் நின்று வாசித்தேன். வெளியே ஒருவர் மருந்துக்குக் காத்திருந்தார். அவருடைய லேபலை மூன்று தரம் சரிபார்த்தும் கையொப்பமிட முடியவில்லை. கூட வேலை செய்பவளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அன்று மாலை ஹெலனுக்குப் போன் எடுத்தேன். ஜது, எமி இரண்டு பேரின் பக்கங்களையும் சொன்னேன், நண்டுக் கறியையும் சொன்னேன்.

“எண்ணிக்கை யாருக்கும் பிழைக்கலாம், கௌசி. ஆளுக்கு ஒரு எண்ணிக்கை வைக்கக்கூடாது. அவளிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லவா?”

“நான் சொல்கிறேன்.”

“சரி. செப்டம்பரில் நீ வருவதா இல்லையா என்று பிறகு பேசுவோம்.”

ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். தவமலர் அன்ரி என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது. ஜது படிக்கட்டில் கடைசிப் படியில் இருந்தாள். நான் தேத்தண்ணியைத் தொடாமல், ஒழுங்குமுறையாகச் சொன்னேன்: அறுபது பந்து, நாற்பத்தொன்று, பன்னிரண்டு, இருபத்தொன்பது. எமிக்கு நான் கழிக்காத பதினான்கு. பிறகு முன்கால்.

“எனக்கு உந்த எண்ணெல்லாம் விளங்கேல்லைப் பிள்ளை,” என்றார் அன்ரி. “சுருக்கிச் சொல்லு. இவள் நல்லா அடிச்சவளோ, இல்லையோ?”

“எல்லாரையும்விட நல்லா அடிச்சவ, அன்ரி.”

“அப்ப ஏன் இருத்தினனி?”

“நீங்கள் சாப்பாடு தந்ததைப் பார்த்து எல்லாரும் சிரிச்சவை. எங்கட ஆள் எண்டபடியால் நான் சேர்க்கிறன் எண்டு நினைப்பினம் எண்டு...”

“எங்கட ஆள் எண்டபடியாலோ?”

“ஓம்.”

அன்ரி பிஸ்கட் தட்டை என் முன்னாலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. “ஒரு வெள்ளைக்காரி செய்திருந்தா இந்நேரம் அங்க போய்ச் சண்டை பிடிச்சிருப்பன்,” என்றார். “உன்னோட நான் என்னெண்டு பிடிக்கிறது? நாளைக்குக் கோயிலில உன்ர கொம்மாவைப் பாக்க வேணும்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“இதை எனக்குச் சொல்லி என்ன? சுசிலா என்னோட கதைச்சு ஒரு மாசம். கூடப்பிறந்த அண்ணை போனை எடுக்கிறானில்லை. ‘உன்ர மகளுக்கு என்ர மகளின்ர விசேசத்தைவிட மட்டைதானே பெரிசு’ எண்டு கேட்டவள். எழும்பு. நோர்பரிக்கு, அவளின்ர வீட்டை போவம். அவளுக்கு நீ சொல்லு.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கார்ச் சாவியை எடுத்துவிட்டார்.

லண்டனின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒன்றரை மணி நேரம். ஜது முன்னால் இருந்தாள், ஒரு தரமும் திரும்பவில்லை. அன்ரி மட்டும் இடையிடையே, “கால் பூட்டுறதாம், கால்,” என்று தனக்குத்தானே சொன்னார்.

சுசிலா அன்ரி கதவைத் திறந்து மச்சாளைப் பார்த்ததும் முகத்தை இறுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “இது ஆர்?” என்றார்.

“இவளைக் கேள்,” என்றார் தவமலர் அன்ரி. “பிள்ளை, சொல்லு.”

வாசலில் நின்றே சொன்னேன். இந்த முறை எண்கள் இல்லாமல். ஜது எல்லோரையும்விட நன்றாக அடித்தாள், தவமலர் அன்ரி எனக்கு நண்டுக் கறி தந்ததை மற்றவர்கள் பார்த்துச் சிரித்ததால் அவளை விளையாடவிடக்கூடாது என்று நான் கணக்கை மாற்றினேன், அன்றைக்கு முழுக்க அவள் வாங்கில் இருந்தாள்.

“அப்ப இவள் அங்க சும்மாவோ இருந்தவள்?”

“ஓம், அன்ரி. நான்தான் இருத்தினனான்.”

“சும்மா இருந்ததெண்டால் இங்க வந்திருக்கலாமே! ஏழு தட்டுக்கு ஆறு பிள்ளையள். தட்டு ஒற்றையா இருக்க வேணும், ஆறெண்டு வைக்க ஏலாதெண்டு கேக் கொண்டுவந்த பெட்டையைப் பிடிச்சு நிப்பாட்டினனான். அவள் ஜீன்ஸோட நிக்கிறாள் வீடியோவில, இவளின்ர தட்டைப் பிடிச்சுக்கொண்டு.” அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தவமலர் அன்ரியைப் பார்த்தார். “உவளுக்கோ நீ நண்டு சமைச்சுக் குடுத்தனி?”

“எனக்குத் தெரியுமோ?” என்றார் தவமலர் அன்ரி. குரல் உடைந்திருந்தது.

“உள்ள வா,” என்றார் சுசிலா அன்ரி அவரிடம். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அடுப்படியில் என் பெயரும், எங்கள் அம்மாவின் பெயரும், எங்கள் ஊரின் பெயரும் மாறி மாறிக் கேட்டன. கதவு திறந்தபடி இருந்தது. போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன்.

ஜது மட்டும் வாசலை ஒட்டிய கூடத்தில் நின்றாள். குடை வைக்கும் கூடையிலிருந்து ஒரு நீளக் குடையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

“அப்ப என்ர காலில ஒரு பிழையும் இல்லை?”

“இல்லை.”

“முந்தி எப்பிடி வைச்சனான்?”

கால்களை அகட்டி நின்று, வராத பந்துக்குக் காத்திருந்து, குடையை வீசினாள். முன்கால் தரையை விட்டு அசையவில்லை. மறுபடி வீசினாள். கால் இந்த முறை திறந்தது, ஆனால் முந்திவிட்டது, நான் சொன்ன பொய்யிலிருந்த அதே பிழை. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

“மறந்துபோச்சு,” என்றாள்.

எங்கே பிழைக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. குதிக்கால் எழும்ப வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தேன்.

“நீங்கள் சொல்லாதேங்கோ,” என்றாள், காலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சொல்லவில்லை. அவள் மறுபடி அகட்டி நின்று குடையை உயர்த்தினாள். நான் வாசலுக்கு வெளியே, வழியை மறைக்காமல், ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன்.